உயிருள்ள சொட்டு: பாகலூர் பன்றிப் பண்ணைக்கு மூன்று நாள்

பன்றி என்றாலே மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்கள் இந்தப் பதிவை இங்கேயே மூடிவிடலாம், எனக்கு வருத்தமில்லை. கோட்டை, அருவி, பிரியாணிக் கடை என்று நான் வழக்கமாக எழுதுவதைத் தேடி வந்தவர்களுக்கும் இதில் ஒன்றும் கிடைக்காது. பெங்களூரில் பன்றிக்குட்டிகளின் மூக்கில் விடுகிற உயிருள்ள தடுப்பு மருந்தைச் சோதனை முறையில் கொடுக்கிறார்களாமே, போய்ப் பார்க்கலாமா என்று கேட்டு எனக்கு எழுதிய பண்ணைக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இந்த ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை கிளம்பி சனிக்கிழமை திரும்பினேன். போனது ஒன்றுக்கு, நடந்தது வேறு.

முதலில் என் கதை. நாட்றம்பள்ளிக்குப் பக்கத்தில் என்னிடம் பதினான்கு தாய்ப்பன்றிகள் இருக்கின்றன. போன வருடம் முழுக்க இருமல். முதல் வாரத்தில் குட்டி தும்மும், மூன்றாம் வாரத்தில் இருமும், இரண்டாம் மாதத்தில் மூக்கு ஒரு பக்கமாகக் கோணும். அதற்குப் பிறகு சாகும், அல்லது சாகாமல் அப்படியே குன்றி நிற்கும். அறுபத்தொரு குட்டி பிறந்ததில் இருபத்து மூன்றுதான் தேறின. ஜனவரியில் ஐந்து பன்றிகள் நிறைசினையாக இருந்தன, குட்டி போட இருபத்திரண்டு நாள்தான் பாக்கி. "இந்த ஈத்தும் போச்சுன்னா மொத்தத்தையும் வித்துட்டு ஷூ கம்பெனிக்கே போயிடுங்க" என்று என் மனைவி சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

அந்த ஷூ கம்பெனியில் ஒன்பது வருடம் என் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருந்தவன் அல்போன்ஸ். இப்போது பெங்களூர் லிங்கராஜபுரத்தில் குடியிருக்கிறான். பெங்களூருக்கு வடக்கே இருக்கிற பாகலூரைத் தாண்டி ஒரு பன்றிப் பண்ணை வைத்திருக்கிறான். அந்த மூக்குச் சொட்டைச் சோதிக்க அவன் பண்ணையைத்தான் எடுத்திருந்தார்கள். ஐந்து வாரத்தில் இருமலே நின்றுவிட்டது என்று போனில் சொன்னான். "டாக்டர் மேடம் இன்னொரு ஃபார்ம் எடுக்கலாம்னு இருக்காங்கடா மூர்த்தி. சனிக்கிழம வருவாங்க. வந்து பாரு, புடிச்சா கையெழுத்துப் போடு." கையெழுத்துப் போட்டால் என் ஐந்து ஈத்துக்கும் மருந்து கிடைக்கும். நான் போனது அதற்காகத்தான்.

சனிக்கிழமை பார்ப்பதற்கு வியாழனே ஏன் போனேன் என்றால், ஒரு விதி இருக்கிறது. வேறு பன்றிகளைத் தொட்டவர் நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்துத்தான் அந்தப் பண்ணைக்குள் நுழையலாம். ஒரு பண்ணைக் கிருமி இன்னொன்றுக்குப் போகக் கூடாது என்பதற்காக. உங்கள் பயணத் திட்டத்தில் இந்த இரண்டு நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜோலார்பேட்டையில் காலை 6.05க்கு ரயில், முன்பதிவில்லாத பெட்டியில் 65 ரூபாய். கண்டோன்மென்ட் சேர்ந்தபோது மணி 8.35. அங்கிருந்து லிங்கராஜபுரம் நாலரை கிலோமீட்டர். ஆட்டோக்காரர் இருநூறில் ஆரம்பித்து நூற்று முப்பதில் இறங்கி வந்தார். "கைல இன்னா சார், ஐஸ் பாக்ஸா? மீனா?" என்றார். மருந்து வாங்க என்றேன். யாருக்கு என்றார். பன்றிக்கு என்றேன். அப்புறம் வாயையே திறக்கவில்லை. காசை வாங்கும்போது மட்டும், "பன்னிக்குக்கூட சளி புடிக்குமா சார்?" என்று கேட்டார்.

அல்போன்ஸ் வீட்டில் இரண்டு நாள் சும்மா கிடந்தேன். போட்டுக்கொண்டு போன துணியை அவன் மனைவி வெந்நீரில் ஊறவைத்தாள். நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டேன். ஒரு வருடமாக இருமல் சத்தத்தில் விழித்து இருமல் சத்தத்தில் சாப்பிட்டுப் பழகியவனுக்கு அந்த வீட்டின் அமைதி பிடிபடவில்லை. மதியம் கண் அசந்தால், எங்கோ ஒன்று இருமப் போகிறது, இதோ இப்போது என்று காது காத்துக்கொண்டே இருந்தது. ஒன்றும் வரவில்லை.

சனிக்கிழமை விடிவதற்குள் அல்போன்ஸ் பைக்கில் பண்ணைக்குப் போய்விட்டான். நான் ஹென்னூர் கிராஸில் 7.05க்கு பாகலூர் பஸ் ஏறினேன். டிக்கெட் 28 ரூபாய். (கர்நாடக முகவரி உள்ள பெண்களுக்கு இலவசம், நமக்கு இல்லை.) பாகலூருக்கு ஐம்பத்தைந்து நிமிடம். பாதி தூரத்தில் பனி கவிந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் சுவர் எழும்பாத அடுக்குமாடிகள், பதினைந்து மாடிக்குத் தூணும் தளமும் மட்டும் நின்றன. ஆள் ஒருவரும் தெரியவில்லை. விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் தலைக்கு மேலே விமானம் இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நிமிர்ந்தால் பனிதான் தெரிந்தது, விமானம் தெரியவில்லை.

பாகலூரில் இருந்து பண்ணைக்கு மூன்று கிலோமீட்டர், ஷேர் ஆட்டோ 30 ரூபாய். டிரைவர் ஒரு யூகலிப்டஸ் தோப்பு ஓரம் நிறுத்தி, "இல்லே இளீரி சார்" என்றார், இங்கேயே இறங்கச் சொல்லி. கேட் இன்னும் முந்நூறு மீட்டர் தள்ளி இருந்தது. அங்கே வரைக்கும் போகலாமே என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினார். நாற்றத்துக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். ஆனால் நாற்றமே இல்லை. பன்றிப் பண்ணையை நெருங்கும்போது நாற்றத்துக்கு முன்னால் சத்தம் வரும், உறுமலும் கீச்சொலியும். அதுவும் வரவில்லை.

கேட்டில் சுண்ணாம்புக் குழியில் கால் நனைத்து, அவர்கள் கொடுத்த பூட்ஸை மாட்டி, மேல் அங்கியும் போட்டுக்கொண்ட பிறகுதான் உள்ளே விட்டார்கள். டாக்டர் மேடத்துக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசினார். ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்துக் காட்டினார். அடியில் பால் பவுடர் மாதிரி வெள்ளையாக ஒரு கட்டி இருந்தது.

"நோடி சார், பாருங்க, இது தூங்கிட்டு இருக்கு. தண்ணி ஊத்தினா எழுந்துக்கும். எழுந்தா ரெண்டு மணி நேரத்துக்குள்ள மூக்குல போயிடணும்."

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். குட்டிகளுக்கு நோய் கொடுக்கிற அதே கிருமிதான் இதுவும். போர்டெடெல்லா என்று பெயர். ஆய்வுக்கூடத்தில் அதன் பல்லைப் பிடுங்கியிருக்கிறார்கள், கொல்லவில்லை. குட்டியின் மூக்கில் அது ஒட்டிக்கொண்டு பெருகும், கடிக்காது. மூக்கு அதைப் பார்த்துப் பழகி, நிஜக் கிருமி வரும்போது அடித்துத் துரத்தும். அது உயிரோடிருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். அதனால் முன்னும் பின்னும் சில நாளைக்குத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கூடாது. ஊசிக்குழாயை ஸ்பிரிட்டில் கழுவக் கூடாது.

பிறகு இரண்டு குப்பிகளைப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். "இதுல ஒண்ண மூணு நாள் வெயில்ல வெச்சு சாகடிச்சிட்டேன், டெமோவுக்காக. எது உயிரோட இருக்கு, சொல்லுங்க."

இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒரே வெள்ளை, ஒரே கட்டி. எனக்குத் தெரியவில்லை என்றேன். அவருக்கும் பார்த்துச் சொல்ல வராதாம், லேபிளை வைத்துத்தான் சொல்வாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு என்னவோ அந்தக் குப்பிகளைக் கையில் வாங்கப் பிடிக்கவில்லை.

அப்புறம் படிவத்தைப் படித்துக் காட்டினார். ஏழாவது கேள்வி: வீட்டிலோ பண்ணையிலோ யாராவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்களா? இல்லை என்றேன். "நல்ல ஆரோக்கியமா இருக்கறவங்கள இது ஒண்ணும் பண்ணாது. அந்த மாதிரி மாத்திரை சாப்பிடறவங்க மட்டும் பக்கத்துலயே வரக் கூடாது. இங்கயும் எல்லாரையும் நிக்க வெச்சுக் கேட்டேன், யாரும் இல்லைன்னாங்க" என்றார். ஷெட்டைப் பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு, பதிவேடுகளைச் சரிபார்க்க அல்போன்ஸோடு ஆபீஸ் அறைக்குப் போனார்.

எனக்கு ஷெட்டைக் காட்ட வந்தவர் ரெஜினா அக்கா. ஐம்பது வயது இருக்கும், ஒல்லி, தலையில் துண்டு, கழுத்தில் தொங்கும் மாஸ்க். இரண்டு வருடமாகப் பண்ணையிலேயே தங்கி வேலை பார்க்கிறார். குட்டிகளுக்குச் சொட்டு விடுவது அவர்தான். டாக்டர் கற்றுக் கொடுத்திருந்தார். "நீங்க பாத்துட்டு இருங்க தம்பி, நான் சொட்டு மருந்து கலக்கி எடுத்தாறேன்" என்று பின்பக்கம் போனார்.

பன்றி வளர்க்கிறவர்களுக்குத் தெரியும், இருமலை எப்படி எண்ணுவது என்று. காலையில் படுத்திருக்கும் பன்றிகளைக் கை தட்டி எழுப்ப வேண்டும். எழுந்து நின்றதும் மூன்று நிமிடம் அசையாமல் நின்று காதைத் தீட்டிக்கொண்டு எண்ண வேண்டும். நெஞ்சில் சளி இருந்தால் எழுந்த உடனே இருமிவிடும். என் பண்ணையில் அந்த மூன்று நிமிடத்தில் எண்ணி மாளாது.

கை தட்டினேன். நான்கு அறையில் நாற்பத்து மூன்று குட்டிகள், மொத்தமும் எழுந்து நின்றன. வாட்ச்சைப் பார்த்தேன். ஒரு நிமிடம். ஒன்றுகூட இருமவில்லை. இரண்டு நிமிடம். எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றன, மூக்கெல்லாம் நேராக இருந்தது. எனக்கு சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது. ஒவ்வொரு மூக்குக்குள்ளும் அது உயிரோடு உட்கார்ந்திருக்கிறது, அதுதான் இவற்றை வாய்மூட வைத்திருக்கிறது என்று நினைத்தபோது புறங்கை சிலிர்த்தது.

மூன்றாவது நிமிடம் முடியப்போகும் நேரத்தில் இருமல் கேட்டது.

கடைக்கோடி அறையிலிருந்து வந்தது. மூன்று குட்டை, ஒரு நீளம், கடைசியில் காற்றை இழுக்கிற ஒரு கிறீச். இந்த இருமலை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருடமாக நான் கேட்டுக்கொண்டிருக்கிற இருமல் அதுதான். நடந்து போய்க் கோடி அறையை எட்டிப் பார்த்தேன். காலி. கழுவிவிட்ட சிமென்ட் தரை காய்ந்து கிடந்தது, மூலையில் ஒரு வாளி கவிழ்ந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் காலி அறை மறுபடியும் இருமியது. திரும்பினேன். நாற்பத்து மூன்று குட்டிகளும் சத்தம் வந்த பக்கம் காதைத் திருப்பிக்கொண்டு நின்றன.

அந்த அறையின் பின்சுவர் செங்கல்லில்லை, தகரம் என்பது பிறகுதான் உறைத்தது. தகரத்துக்கு அந்தப் பக்கம் தீவன அறை. அதன் கதவைத் திறந்துகொண்டு ரெஜினா அக்கா வந்தார், வாயைத் துண்டால் துடைத்தபடி. "தவுட்டுத் தூசி தம்பி. ஒத்துக்கறதில்ல."

புதன்கிழமை பிறந்த பதினொரு குட்டிகளுக்கு அன்று சொட்டு விட வேண்டும். அக்கா தரையில் உட்கார்ந்து முதல் குட்டியை மடியில் மல்லாத்தி, ஊசியில்லாத ஊசிக்குழாயால் ஒரு மூக்கில் அரை மில்லி, மறு மூக்கில் அரை மில்லி விட்டார். குட்டி தும்மியது, மருந்து நுரையாக வெளியே வந்தது. தும்மினால் விட்டுவிடுங்கள், ஒட்ட வேண்டியது ஒட்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. மாஸ்க்கை இறக்கினார், குட்டியின் மூக்கைத் தன் வாய்க்குள் வைத்து மெல்ல ஊதினார். குட்டி விழுங்கியது. அவர் வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்ததை எடுத்தார்.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. மூச்சில்லாமல் பிறக்கும் குட்டிக்கு இப்படி ஊதித்தான் உயிர் கொடுப்போம். நானே எத்தனையோ முறை ஊதியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் அக்கா இதையும் செய்கிறார். "உசுரு இருக்குன்னு சொன்னாங்களே தம்பி, கீழ சிந்தவிட்டா பாவமில்ல?" என்றார். பதினொன்றில் ஆறு தும்மின. ஆறுக்கும் ஊதினார். ஐந்து வாரத்தில் இதற்கு முன் எத்தனை குட்டிகளுக்கு ஊதினீர்கள் என்று கேட்டேன். யார் எண்ணினார்கள் என்றார்.

சரியாக ஒன்பது மணிக்கு அவர் போனில் அலாரம் அடித்தது. குட்டியை இறக்கிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த தகர டப்பியைத் திறந்து இரண்டு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். அந்த அலாரத்தை நான் மூன்று வருடம் கேட்டிருக்கிறேன். என் அண்ணனுக்கு வேலூரில் சிறுநீரகம் மாற்றினார்கள். காலை ஒன்பது, இரவு ஒன்பது, ஒரு நிமிடம் பிசகக் கூடாது. வைத்த சிறுநீரகத்தை உடம்பு எதிர்க்காமலிருக்க, உடம்பின் எதிர்ப்பையே அடக்கி வைக்கிற மாத்திரை அது. வீட்டில் கிளிகூட வளர்க்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். கடைசியில் என் அண்ணன் ஒரு சாதாரணச் சளியில் போனார்.

"ஆபரேஷன் எப்ப ஆச்சுக்கா?" என்றேன்.

என்ன ஆபரேஷன் என்று அவர் கேட்கவில்லை. "நாலு வருசம் ஆவுது. தங்கச்சி குடுத்தா."

"இருமல்?"

"ரெண்டு வாரமா இருக்கு." டப்பியை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார். "டாக்டரம்மாகிட்ட சொல்லிடாதீங்க தம்பி. அன்னிக்கு எல்லாரு எதிர்லயும் கேட்டாங்க, இல்லன்னுட்டேன். தெரிஞ்சா இந்த வேலை போயிடும். மாத்திரை வாங்கறதே இந்த சம்பளத்துலதான்."

சரி என்றேன். இங்கே நல்லவன் வேடம் போட எனக்கு விருப்பமில்லை. அக்காவின் வேலைக்காக மட்டும் நான் சரி என்று சொல்லவில்லை. சொன்னால் இந்தச் சோதனை நிற்கும், எனக்கு வர வேண்டிய மருந்தும் நிற்கும் என்று கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். 11.40க்குப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். புதன்கிழமை தானே நாட்றம்பள்ளிக்கு மருந்தோடு வருவதாக டாக்டர் சொன்னார். அல்போன்ஸ் போட்ட சோறும் கறியும் சாப்பிட்டேன். 1.15க்கு பாகலூரில் பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் கூட்டமில்லை. எனக்கு முன்சீட்டில் ஒரு பெண்ணின் தோளில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, அதன் முகம் என் பக்கம். கண்ணூர் ஸ்டாப்பைத் தாண்டும்போது என் தொண்டையில் லேசாக அரித்தது. எச்சிலை விழுங்கினேன். மறுபடி அரித்தது. என்னை அது ஒன்றும் செய்யாது என்று டாக்டரே சொல்லியிருந்தார், எனக்கும் தெரியும். தெரிந்தும் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, கைக்குட்டையை வாயில் அழுத்தி, இருமலை அடக்கிக்கொண்டு வந்தேன். அந்தத் தகரச் சுவருக்குப் பின்னால் ஒரு நெஞ்சுக்குள் அது விழித்துக்கொண்டு இருக்கிறது, தடுக்க அங்கே யாருமில்லை. குட்டியின் மூக்கில் என்ன செய்ததோ அதையேதான் அங்கேயும் செய்துகொண்டிருக்கும். தான் மருந்து என்று அதற்குத் தெரியாது.

கொத்தனூரில் இறங்கிவிட்டேன். "லிங்கராஜபுரம் இன்னும் வரலயே சார்" என்றார் கண்டக்டர். தெரியும் என்றேன். டாக்டரின் நம்பர் என்னிடம் இருந்தது, போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் சரி என்று அக்கா முகத்தைப் பார்த்துச் சொன்னவன், அதை மாற்றுவதையும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று பட்டது. எதிர்ப்பக்கம் பஸ் வர இருபத்தைந்து நிமிடம் ஆனது. பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 2.50. டாக்டர் காரில் ஏறிக்கொண்டிருந்தார்.

அக்காவைக் கூப்பிடச் சொன்னேன். அவர் வந்து நின்றதும், "அக்காவுக்கு கிட்னி மாத்தியிருக்கு மேடம். அதுக்கு மாத்திரை சாப்பிடறாங்க. ரெண்டு வாரமா இருமல். சொட்டு விட்டதும் வாய வெச்சு ஊதறாங்க" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"பொய்" என்றார் அக்கா. டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அடுத்த வார்த்தையைச் சொல்ல வாயெடுத்தபோது இருமல் பிடித்துக்கொண்டது. மூன்று குட்டை, ஒரு நீளம். நிற்கவேயில்லை. காரைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினார். அல்போன்ஸ் இரண்டடி பின்னால் போனான். டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது, ஆனால் அவர் பின்வாங்கவில்லை. தானும் மாஸ்க் போட்டு அக்காவுக்கும் ஒன்றைப் போட்டுவிட்டு, காரின் கண்ணாடிகளை இறக்கி, பின்கதவைத் திறந்தார். "அக்கா, அந்த மாத்திரை டப்பிய எடுத்துக்கோங்க. உங்க மேல எனக்குக் கோபமில்ல. இப்பவே ஆஸ்பத்திரி போகணும்."

கிளம்பும் முன் என்னிடம் சொன்னார்: "மனுஷங்களப் பாக்கற டாக்டர் பன்னிக் கிருமிய எதுக்கு சார் தேடுவார்? நாம சொன்னாதான் தேடுவார்." தண்ணீர் ஊற்றிய குப்பிகளையும் ஊசிக்குழாய்களையும் பிளீச்சிங் கரைசலில் முக்கி வைக்கச் சொன்னார். திறக்காத குப்பிகளைத் தன் பெட்டியில் பூட்டி எடுத்துக்கொண்டு போனார்.

நானும் அல்போன்ஸும் பிளீச்சிங் வாளிக்கு முன்னால் உட்கார்ந்து மூன்று குப்பிகளைத் தண்ணீருக்கடியில் திறந்தோம். "உன்ன இங்க கூப்ட்டதே நான்தான் பாரு" என்றான் அவன். குப்பியில் மிச்சமிருந்த மருந்து வெளியே வந்து வாளித் தண்ணீரில் கலந்தது. நிறமும் மாறவில்லை, வாசனையும் மாறவில்லை. "செத்துடுச்சா?" என்றான். தெரியலடா என்றேன். இன்னும் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஷெட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. மேலே ஒரு விமானம் இறங்கியது. கிளம்பும்போது, டாக்டர் ஆபீஸ் அறையிலேயே விட்டுப்போயிருந்த என் படிவத்தைத் திருப்பிக் கேட்டேன். அதற்கு இனி வேலையில்லை என்று அவனே கிழித்துப்போட்டான். மாலை 6.20 ரயிலில் ஊர் திரும்பினேன். மூன்று நாள் மொத்தச் செலவு, பழம் டீ எல்லாம் சேர்த்து, 870 ரூபாய்.

எட்டாம் நாள் டாக்டர் போன் செய்தார். அக்காவின் சளியில் வளர்ந்தது அதுதான். பண்ணையில் திரியும் நிஜக் கிருமியா, குப்பியில் இருந்ததா என்று மேலும் சோதித்து, குப்பியில் இருந்ததுதான் என்று பிறகு சொன்னார்கள். இப்படி நடப்பது அபூர்வம் என்றார். இன்னும் பத்து நாள் போயிருந்தால் நுரையீரல் தாங்கியிருக்காது என்றும் சொன்னார். எந்த ஆன்டிபயாட்டிக்கை அந்தப் பண்ணைக்குள் நுழையவிடாமல் காத்தார்களோ, அதைக் கொடுத்துத்தான் அக்காவைக் காப்பாற்றினார்கள். சோதனை எல்லா இடத்திலும் நிறுத்தப்பட்டது. என் ஐந்து பன்றிகளும் சொட்டு இல்லாமலேதான் குட்டி போட்டன. நாற்பத்தெட்டு பிறந்தன. இதை எழுதும் இன்று முப்பத்தொன்று இருக்கின்றன, அதில் நான்குக்கு மூக்கு கோண ஆரம்பித்துவிட்டது. இரண்டு தாய்ப்பன்றிகளை விற்றுவிட்டேன். மனைவி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

போக நினைக்கிறவர்களுக்கு: மருந்தைக் குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. அந்த நாற்பத்து மூன்று குட்டிகளைக் கண்ணால் பார்த்தவன் நான், அப்படிப்பட்ட குட்டிகள் என்னிடம் இருந்தால் போதும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். சோதனை மறுபடி ஆரம்பித்தால் போங்கள். நாற்பத்தெட்டு மணி விதியை ஏமாற்றாதீர்கள். ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், கையில் மருந்து கொடுக்க மாட்டார்கள். ஏழாவது கேள்வியை உங்கள் ஆட்களிடம் கூட்டமாக நிற்கவைத்துக் கேட்காதீர்கள். தனித்தனியாகக் கேளுங்கள், உண்மையைச் சொன்னால் வேலை போகாது, வேறு வேலை தருவேன் என்று முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள். அல்போன்ஸ் அப்படிச் சொல்லியிருந்தால் அக்கா ஒளித்திருக்க மாட்டார். குட்டிக்கு வாய் வைத்து ஊதும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தாலே பெரும்பாலும் மூச்சு வந்துவிடும். பன்றிகளோடு இருக்கிறவருக்கு விடாத இருமல் வந்தால், ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையே பன்றி என்று இருக்கட்டும். வெட்கப்பட வேண்டாம்.

பிப்ரவரி கடைசியில் ஒரு வேலையாக மறுபடி பெங்களூர் போனபோது, ரெஜினா அக்காவைப் பார்க்க ஈஜிபுரா போனேன். அங்கே அவர் தங்கை வீடு, சந்துக்குள் மூன்றாவது மாடி. மதியம் இரண்டரை மணி. நாலு நாளாகப் பன்றியைத் தொடவில்லை, குளித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்று படியிலிருந்தே சொன்னேன். அக்கா கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். மாஸ்க்கை மூக்குவரை ஏற்றிவிட்டிருந்தார். கன்னம் கொஞ்சம் தேறியிருந்தது.

"அங்கியே நில்லுங்க தம்பி. பன்னி வளக்கறவங்க கிட்ட வரக் கூடாதுன்னு ஆஸ்பத்திரில சொல்லியிருக்காங்க."

நின்றேன். இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். போய்விட்டது என்றார். தான் ஊதின குட்டிகள் எப்படி இருக்கின்றன என்று கேட்டார். எல்லாம் நன்றாக வளர்ந்துவிட்டன, ஒன்றுக்குக்கூட மூக்கு கோணவில்லை என்று அல்போன்ஸ் சொன்னதைச் சொன்னேன். தலையை ஆட்டினார். உள்ளே குக்கர் விசிலடித்தது. கதவைத் திறக்கவா என்று தங்கை உள்ளிருந்து கேட்டார், வேண்டாம் என்றார் அக்கா.

"நீங்க திரும்பி வரலன்னா நான் இந்நேரம் இல்லன்னு இவ தெனம் சொல்றா. எனக்கும் தெரியுது. ஆனா உங்களப் பாத்தா கோவம்தான் வருது தம்பி." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கிட்னியும் அவதான் குடுத்தா. வேலை போனதுலேர்ந்து சோறும் அவதான் போடறா. அவ எதிர்ல எப்டி உக்காந்து சாப்புடறது, அத மட்டும் சொல்லிட்டுப் போங்க."

வாங்கிப் போயிருந்த பழப் பையைக் கதவுக் கம்பியில் மாட்டிவிட்டு இறங்கி வந்தேன்.